ஆயிரத்தில் ஓர் அகல்

ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற பொருள்கள் வரிசை வரிசையாக இருக்கும் இடத்தைக் கண்டால், காமிரா வைத்திருப்பவனுடைய கை சும்மா இருப்பதில்லை. டீக்கடைப் பலகையில் கவிழ்த்து வைத்த கண்ணாடித் தம்ளர்கள், வகுப்பறை வாசலில் கழற்றி வைத்த செருப்புகள், சைக்கிள் நிறுத்தத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து நிற்கும் சக்கரங்கள் என்று நித்தியமும் நம் கண்ணில் படும் சாதாரண வஸ்துக்களில் ஒன்றை மட்டும் துலக்கமாக நிறுத்தி, அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை உருத் தெரியாமல் கரைத்துவிடும் முறையில் எடுத்த படங்களை வாசகர்கள் எவ்வளவோ பார்த்திருப்பார்கள். மதுரையில் கலியாணங்களுக்குப் படம் எடுத்து ஜீவனம் நடத்தும் என் நண்பர் ஒருவர் அத்தகைய படங்களில் தனிப் பிரியம் உடையவர். அவருடைய ஸ்டுடியோச் சுவரில் மாட்டியிருந்த அகல்விளக்குப் படம் ஒன்றை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தவர், "படத்தைப் பார்த்தால் போதாது, அதைச் செய்கிறவர்களையும் பார்க்க வேண்டும்" என்று சொல்லி, புரட்டாசி மாதத்து விடியற்காலை ஒன்றில் என்னை மானாமதுரைக்கு அழைத்துச் சென்றார்.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் மார்க்கத்தில், ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில், வைகைக் கரையில் இருக்கிறது அவ்வூர். சங்கீத உலகத்தில் அதற்குப் பெரிய கீர்த்தி உண்டு. மேடையில் ஒலிக்கும் கடங்களில் மானாமதுரைக் கடத்துக்கு இணையாக வேறொன்றைச் சொல்ல வித்துவான்கள் தயங்குவார்கள். அதைச் செய்யும் மீனாட்சி அம்மையார் சங்கீத நாடக அகாதெமியின் விருதைப் பெற்றவர். 2023ஆம் ஆண்டில் அவ்வூர் மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் கடம் எந்தக் கண்மாய் மண்ணிலிருந்து பிறக்கிறதோ, அதே மண்ணிலிருந்துதான் கார்த்திகைக்கு நம் வீட்டு வாசலில் ஏற்றும் அகலும் பிறக்கிறது. கடம் செய்தவரின் பெயரை ஊர் அறியும். அகல் செய்தவரின் பெயரை வாங்குகிறவர்கள் கேட்பதே இல்லை.

நாங்கள் போன வீட்டில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் தொழில் செய்கிறார்கள். மண்ணைக் கொணர்ந்து, ஊறவைத்து, கல் பொறுக்கி, மணல் கலந்து மிதித்துப் பதப்படுத்தும் வேலை நாங்கள் சேருவதற்கு முன்னமே முடிந்திருந்தது. ஆகையால் அதைப்பற்றி நான் எழுதவில்லை. நான் கண்டது சக்கரத்தின் நடுவே கோபுரமாக நின்ற மண்ணையும், அதன் உச்சியில் விளையாடிய பெரியவரின் விரல்களையுந்தான். அந்த உச்சியைக் கட்டைவிரலால் ஒருமுறை குழித்து, மற்ற விரல்களால் விளிம்பைச் சற்றே உயர்த்தி, இடக்கையில் சுற்றியிருந்த நூலை அடியில் கொடுத்து இழுத்தார் என்றால், ஒரு சின்னஞ்சிறு கிண்ணம் அவர் உள்ளங்கைக்கு வந்துவிடும். அதைப் பக்கத்துப் பலகையில் வைக்கும்போதே மறுகை அடுத்ததைத் தொடங்கியிருக்கும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் கண்டுபிடிக்க என்னால் இயலவில்லை.

கிண்ணம் அகலாக மாறுவது அந்த அம்மாளின் கையில். ஈரம் சற்று இழுத்ததும் அவள் ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பில் ஓரிடத்தை இரு விரல்களால் கிள்ளி, ஒரு விரலால் முன்புறமாக இழுத்துத் திரி வைக்கும் மூக்கை உண்டாக்கி, முற்றத்து நிழலில் விரித்த சாக்கில் வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். பதினாறு வயதில் கலியாணமாகி அந்த வீட்டுக்கு வந்தவள். வந்த நாள்முதல் மூக்குக் கிள்ளுகிறாள். சக்கரத்தில் உட்காரும் வழக்கம் அந்த வீட்டுப் பெண்களுக்கு இருந்ததில்லை. மண் மிதிப்பது, மூக்குக் கிள்ளுவது, காயவைப்பது, சூளை அடுக்குவது, சாம்பல் தட்டி எடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. இளம் வயதில் ஒருநாள் ஆறாத சூளையில் கைவிட்டுச் சுட்டுக்கொண்டதில் வலக்கை ஆள்காட்டி விரலின் நகம் பிளந்து, பிறகு அது நேராக வளரவே இல்லை. மூன்று பிள்ளைகளை வளர்த்து, இருவருக்குக் கலியாணம் செய்து வைத்த வரலாற்றையெல்லாம், கை ஒரு கணமும் நிற்காமல், என் பக்கம் திரும்பாமலே சொல்லி முடித்தாள்.

இதற்குள் நண்பர் வேலையைத் தொடங்கிவிட்டார். நின்றபடி எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சாக்கின் ஓரத்தில் குப்புறப் படுத்து, காமிராவைத் தரையோடு தரையாக வைத்தார். மேலிருந்து பார்த்தால் அகல்கள் யாவும் லென்ஸிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருப்பதால் எல்லாம் ஒருமிக்கத் துலங்கும், அல்லது எல்லாம் ஒருமிக்க மங்கும் என்றும், தரை மட்டத்துக்கு இறங்கி வரிசையைக் கோணலாகப் பார்த்தால்தான் ஒவ்வொன்றும் வெவ்வேறு தூரத்தில் அமைந்து, ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சாத்தியமாகும் என்றும் அவர் விளக்கினார். அவருடையது 50 மில்லிமீட்டர் லென்ஸ். அதன் துவாரத்தை எஃப் 1.8 என்ற அளவுக்கு முழுதும் திறந்தால் விட்டம் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். எஃப் 8க்குக் குறுக்கினால் 6 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். துவாரம் பெரிதாகப் பெரிதாகத் துலக்கம் விழும் ஆழம் குறைகிறது. பொருளை நெருங்க நெருங்க இன்னும் குறைகிறது. 35 மில்லிமீட்டர் பிலிம் அளவுள்ள காமிராவில், அரை மீட்டர் தூரத்தில், முழுத் துவாரத்தில் அந்த ஆழம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். அகலின் மூக்கில் ஃபோகஸ் வைத்தால் அதே அகலின் பின்விளிம்புகூட மங்கிவிடும்.

முதல் அகலில் ஃபோகஸ் வைப்பதில்லை என்பது அவருடைய நியமம். மூன்றாவதையோ நான்காவதையோ தேர்ந்துகொண்டால் முன்னே இருப்பவையும் பின்னே இருப்பவையும் ஒருங்கே கரைந்து, நடுவில் ஒன்று மாத்திரம் எழுந்து நிற்கும். இன்னொரு விஷயத்தையும் அவர் எனக்குக் காட்டினார். பச்சை அகலின் ஈர விளிம்பில் வெயில் பட்டுத் தெறிக்கும் ஒவ்வோர் ஒளிப்புள்ளியும், ஃபோகஸுக்கு வெளியே போனதும், துவாரத்தின் வடிவத்தை ஏற்று வட்டமான ஒளித்தகடாக விரிகிறது. படத்தின் ஓரங்களில் அந்த வட்டங்கள் சற்று ஒடுங்கி நீள்கின்றன. மண் உலர்ந்துவிட்டால் அந்த மினுக்கும் போய்விடும், தகடுகளும் தோன்றா. ஆகையால் நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றிய சிறிது நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். நான் என் கைபேசியில் அதே காட்சியை எடுத்துப் பார்த்தேன். அதன் லென்ஸ் மிகச் சிறியதாகையால் உண்மையில் அதற்கு எல்லாமே துலக்கமாகத்தான் விழுகிறது. மங்கலைக் கணக்கிட்டுப் பின்னால் பூசுகிறது. ஒரே வடிவ விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்த இடத்தில் அந்தக் கணக்குத் தவறி, ஓர் அகலின் விளிம்பில் பாதியை விழுங்கியிருந்தது.

இந்த முறையைப்பற்றிப் புகைப்பட உலகத்தில் நெடுநாள் விவாதம் உண்டு. கண் ஒன்றை ஊன்றிப் பார்க்கும்போது மற்றவை தெளிவு குறைந்துதான் தோன்றுகின்றன. படமும் அப்படியே இருக்கவேண்டும் என்ற சித்தாந்தத்தை எமர்சன் என்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் 1889இல் ஒரு நூலாகவே எழுதினார். அதற்கு நேர் விரோதமாக, 1932இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸும் எட்வர்ட் வெஸ்டனும் வேறு சிலரும் சேர்ந்த குழு, மிகக் குறுகிய துவாரத்தின் எண்ணையே தன் பெயராகச் சூடி 'எஃப் 64' என்று அழைத்துக்கொண்டு, அண்மை முதல் சேய்மை வரை சகலமும் துலங்குவதே காமிராவின் தர்மம் என்று சாதித்தது. ஜெர்மனியில் ரெங்கர்-பாட்ஷ், தொழிற்சாலைப் பொருள்களை வரிசையாக நிறுத்தி, அந்த ஒழுங்கிலேயே சௌந்தரியத்தைக் கண்டார். இந்தக் கட்சிகளுள் எது சரி என்று முன்பு என்னைக் கேட்டிருந்தால் விடை சொல்லத் தெரிந்திராது. மானாமதுரையில் எனக்கு ஒரு விடை கிடைத்தது.

வெயில் ஏறியதும் நண்பர் தாம் எடுத்தவற்றைக் காமிராத் திரையில் பெரிதாக்கி அந்தத் தம்பதிக்குக் காட்டினார். பெரியவர் மரியாதைக்காகப் பார்த்தார். அந்த அம்மாள் மட்டும் ஒரு படத்தை விட்டு அகலாமல், முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோய், "இது என் நகமில்லியா!" என்றாள். அகலின் மூக்கில், விரல் இழுத்த பள்ளத்தின் நடுவே, மயிரிழைபோன்ற ஒரு கோடு கிடந்தது. பிளந்த நகம் ஈர மண்ணில் எழுதிய கோடு அது. உடனே சாக்கின் பக்கம் திரும்பி மற்ற அகல்களைப் பார்த்தேன்; எல்லாவற்றிலும் அந்தக் கோடு இருந்தது. காலையிலிருந்து அவற்றின் அருகிலேயே உட்கார்ந்திருந்தும், எல்லாவற்றையும் ஒருமிக்கப் பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணுக்கு அது தென்படவில்லை. ஒன்றைத் தவிர மற்றவற்றை மறைத்த பிறகே தென்பட்டது. மங்கலை வெறும் அலங்காரம் என்று சொல்வோரோடு எனக்கு இனி உடன்பாடு இல்லை. ஆயிரக்கணக்கில் விற்கும் பொருளை ஒருவர் கையால் செய்தார் என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டும் சக்தி அந்த ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு உண்டு.

ஆனால் பெரியவருக்கு வேறொரு படம் தேவைப்பட்டது. "தம்பி, ஒண்ணே ஒண்ணு தெரியறது நல்லாத்தான் இருக்கு. எல்லாம் தெரியறாப்ல ஒண்ணு எடுத்துக் குடுங்க. எம்புட்டுச் செஞ்சோம்னு ஏவாரிகிட்டக் காட்டணும்" என்றார். நண்பர் மறுக்கவில்லை. துவாரத்தை எஃப் 16க்குக் குறுக்கி, திண்ணைமேல் ஏறி நின்று, முற்றம் முழுவதும் நிரம்பிக் கிடந்த அகல்களை ஒன்றுவிடாமல் துலங்கும்படி எடுத்துக் கொடுத்தார். அது உழைப்பின் அளவைச் சொல்லும் படம். அதுவும் அவசியந்தான்.

அந்தப் படம் ஏன் வேண்டியிருந்தது என்று விசாரித்தபோது வெளிவந்த விஷயம் மனத்தைக் கொதிக்கச் செய்தது. அகலுக்குக் கிராக்கி கார்த்திகையில். கார்த்திகையோ அடைமழைக் காலம். மழையில் மண் காயாது, சூளை எரியாது. ஆகையால் ஆடி, ஆவணி, புரட்டாசி வெயிலிலேயே செய்து சுட்டு அடுக்கி வைக்க வேண்டும். விற்பனைக்கு மூன்று மாதம் முந்தியே விறகுக்கும் வைக்கோலுக்கும் வயிற்றுக்கும் பணம் வேண்டும். அது குயவர் வீட்டில் இராது. இந்த இடைவெளியில்தான் தரகன் நுழைகிறான். ஆடியில் முன்பணம் கொடுக்கிறான். கொடுக்கும்போதே விலையையும் தானே நிர்ணயித்துவிடுகிறான். கார்த்திகையில் சந்தை விலை எவ்வளவு ஏறினாலும் அது இவர்களைச் சேர்வதில்லை. வண்டியில் ஏற்றும்போது எண்ணிய எண்ணிக்கை ஒன்று, இறக்கிய இடத்தில் அவன் சொல்லும் எண்ணிக்கை வேறு; உடைசல் முழுவதும் செய்தவர் தலையில் விழுகிறது. படத்தைக் காட்டினால் கணக்கில் கொஞ்சமாவது நியாயம் கிடைக்காதா என்பது பெரியவரின் ஆசை. அச்சில் அழுத்திச் செய்த அகல் வண்டி வண்டியாக வந்து இறங்குவதைச் சொல்லி, இஷ்டமிருந்தால் கொடு என்கிறான் தரகன். மழைக்காலத்தில் தொழில் நிற்பதற்காக அரசு ஆண்டுதோறும் 5000 ரூபாய் நிவாரணம் தருகிறது. கண்மாயில் மண் எடுக்கும் அனுமதியை 2024 முதல் வட்டாட்சியரே வழங்கலாம் என்று விதியைத் தளர்த்தியும் இருக்கிறது. இரண்டும் நல்ல காரியங்களே. ஆயினும், ஆடி மாதத்து முன்பணத்தைத் தரகனுக்குப் பதிலாகக் கூட்டுறவுச் சங்கமோ வங்கியோ குறைந்த வட்டியில் கொடுத்து, விலையைக் கார்த்திகையில் பேசிக்கொள்ளும் சுதந்திரத்தை இவர்களுக்கு உண்டாக்காதவரை, இந்தக் குடும்பங்களின் ஸ்திதி மாறப்போவதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

அழகான வரிசைகளைத் தேடிக் குயவர் தெருவுக்குப் போகும் இளம் புகைப்படக்காரர்களுக்கும், கார்த்திகைக்கு அகல் வாங்கும் வாசகர்களுக்கும் ஒரு விண்ணப்பம். படம் எடுப்பவர்கள் அனுமதி கேட்டு எடுங்கள். காயும் அகலை உங்கள் படச் சட்டத்துக்காக இடம் மாற்றாதீர்கள். எடுத்ததில் ஒன்றையாவது அச்சிட்டு அந்த வீட்டுக்குக் கொடுங்கள், கூடவே எல்லாம் தெரியும் படம் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்குபவர்கள், மதுரைப் பக்கத்தில் இருந்தால், ஐப்பசி பிறக்குமுன் மானாமதுரைக்கு ஒருமுறை போய், செய்தவர் கையிலேயே பணத்தைக் கொடுத்து வாங்குங்கள்.