கத்தியும் கதையும்

"ஜேம்ஸ் போவி தனியே நின்று பத்துப் பேரை வெட்டினவராம்; உண்மையோ சேர்?" என்று மாணவனொருவன் எம்மிடம் கேட்டான். திரைப்படம் தந்த வியப்பு அது.

உண்மை சிறிது. 1827 செப்டம்பர் 19இல் மிசிசிப்பி ஆற்று மணற்றிட்டில், பிறரிருவரின் துவந்த யுத்தம் முடிந்ததும் கைகலப்பு மூண்டது. குண்டும் வாளும் பாய்ந்த போவி, கத்தியால் ஒருவனைக் கொன்றான். அக்கத்தியை முதலிற் செய்வித்தவன் தானே எனத் தமையன் ரெசின் 1838இல் எழுதினான். 1836இல் அலமோக் கோட்டை வீழ்ந்தபோது போவி நோய்ப்படுக்கையிற் கிடந்தான்.

கதை பெருக்கியதினும் மறைத்ததே பெரிது. அமெரிக்கச் சட்டம் 1808 முதல் தடுத்திருந்தும், ஆபிரிக்க அடிமைகளைக் கடத்தி விற்று அச்சகோதரர் பொருளீட்டினர். கத்தியின் நீளத்தை அளந்தோர், விற்கப்பட்டோரின் பெயரைக் கேட்டாரில்லை.

இதனைச் சொன்னோம். "அவர்களின் கதையை ஏன் சேர் ஒருவரும் சொல்லவில்லை?" என்றான். அவன் வயதில் அதே வீரனுக்குக் கைதட்டிய நாம், சற்றுநேரம் பேசாதிருந்தோம்.