அவர் நின்ற பிறகு ஸலாம் சொல்லுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வயதான வாப்பா, உம்மா உள்ள வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

என் வாப்பாவுக்குப் பார்கின்சன் நோய். கை நடுங்குவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை கிளினிக்கில் செய்த ஒரு சோதனை காட்டியது.

கதிரையிலிருந்து எழும்பி, 3 மீற்றர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். முதல் தடவை ஒழுங்காகச் செய்தார். அடுத்த தடவை, நடந்துகொண்டே 100இலிருந்து மூன்று மூன்றாகக் குறைக்கச் சொன்னார்கள். கட்டுகஸ்தோட்டையில் 40 வருடம் கடை வைத்து, மனக்கணக்கிலேயே பில் போட்டவர் வாப்பா. 97, 94, 91... கணக்குப் பிசகவில்லை. கால்தான் நின்றுவிட்டது.

நமக்கு நடை தானாக வருகிறது. பழகிப்போன வேலைகளை மூளையின் ஆழத்திலுள்ள ஒரு பகுதி பார்த்துக்கொள்கிறது. அதற்கு டோபமின் வேண்டும். இந்த நோயில் டோபமினைத் தரும் கலங்கள் அழிந்துபோகின்றன. பிறகு ஒவ்வோர் அடியையும் கவனித்து வைக்க வேண்டியிருக்கிறது. கவனம் கணக்குக்குப் போனால் காலுக்கு மிச்சமில்லை.

படிப்பித்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், 1996இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு மனதில் நின்றது. சில அட்டைகளைக் காட்டி, மழையா வெயிலா என்று ஊகிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் தம்மை அறியாமலே பழகிக்கொண்டதை பார்கின்சன் நோயாளிகளால் பழக முடியவில்லை. ஆனால் சோதனையில் என்ன நடந்தது என்பது அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மறதி நோயாளிகளுக்கு நேர்மாறு: நடந்தது ஞாபகமில்லை, ஊகம் மட்டும் மெல்லத் திருந்தியது.

ஆக, இவர்களுக்குப் புத்தி மங்கிவிட்டது என்று பேசுவது அநியாயம். தானாகப் பழகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. விளங்கிப் படிக்கும் வழி திறந்திருக்கிறது. எங்கள் வாசலில் கலர் டேப் ஒட்டியிருக்கிறோம். வாப்பா அந்தக் கோட்டைப் பார்த்து, அதைத் தாண்டிக் கால் வைக்கிறார்.

இனி ஊராருக்கு ஒரு வேண்டுகோள். கண்டிப் பக்கத்து வீடுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ரோட்டுக்கு இறங்க எங்களுக்கும் செங்குத்தான படிகள்தான். ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் போகிறவரில்லை வாப்பா. பின்னாலிருந்து ஸலாம் கேட்டுத் திரும்பியபோது இரண்டு தடவை விழுந்திருக்கிறார். இப்போது நின்று, கம்பியைப் பிடித்து, அதன் பிறகுதான் பதில் சொல்கிறார். அதற்குள் சிலர், "ஹாஜியார் இப்ப யாரையும் கண்டுகொள்றதில்லை" என்று போய்விடுகிறார்கள்.

அது பெருமை இல்லை. முன்னால் வாருங்கள், அவர் நிற்கும்வரை பொறுத்திருங்கள், பிறகு ஸலாம் சொல்லுங்கள். முழுப் பதிலும் கிடைக்கும், உங்கள் வீட்டுச் சுகமும் விசாரிப்பார்.

துஆவில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.