முன்னோர் சொல் பொய்த்த இடம்

பைபிளின் யோபு ஆகமத்தில், ஊத்ஸ் தேசத்து யோபு ஒரே நாளில் 7 மகன்களையும் 3 மகள்களையும் பறிகொடுக்கிறார். 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள் உட்பட சொத்தெல்லாம் போகிறது. பிறகு உடலெங்கும் கொப்புளம். துக்கம் விசாரிக்க வந்த மூன்று நண்பர்கள் 7 நாள் வாய் திறக்காமல் அவருடன் தரையில் அமர்ந்திருக்கிறார்கள். அதுவரை சரி.

பேசத் தொடங்கியதும்தான் வருகிறது வினை. நம் ஆயுள் நிழல் மாதிரி. முந்தைய தலைமுறைகளிடம் கேள் என்கிறார் பில்தாத். நரைத்த தலைகள் எங்கள் பக்கம் என்கிறார் எலிப்பாஸ். அந்த முன்னோர் ஞானத்தின் சாரம்: பாவம் செய்தவனுக்கே துன்பம். ஆகவே பிள்ளைகள் மாண்டதும் அவர்கள் பாவத்தால்தான். பத்துப் பிள்ளைகளை இழந்த தகப்பனிடம் இதைச் சொல்ல பில்தாதுக்கு நா கூசவில்லை.

கடைசியில் சுழல்காற்றிலிருந்து கடவுள் பேசுகிறார். துன்பத்தின் காரணத்தை அவரும் சொல்வதில்லை. மனிதரே இல்லாத பாலையில் பெய்யும் மழை பற்றியும், காட்டு ஆடுகள் ஈனும் காலம் பற்றியும் கேட்கிறார். தீர்ப்பில் மட்டும் குழப்பமில்லை: தன்னைப் பற்றிச் சரியாகப் பேசியது, தன்னோடு வழக்காடிய யோபுதான், நண்பர்கள் அல்ல.

இதே பைபிளின் நீதிமொழிகள், தகப்பன் சொல்லுக்குச் செவிகொடுக்கச் சொல்கிறது. மூத்தோர் அனுபவம் வாழ வழிகாட்டும்தான். ஆனால் அழுகிறவன் மீது குற்றப்பத்திரிகை வாசிக்க அதற்கு அதிகாரமில்லை. கடவுளின் கோபத்திலிருந்து தப்ப, நண்பர்கள் கடைசியில் யோபுவின் ஜெபத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது.