தூக்கினால் நிற்க வேண்டும்

திருச்சி கைலாசபுரத்தில் ஸ்பிரிங்கின் அருமை தெரியாத வீடு குறைவு. 1965-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் துணையோடு உற்பத்தியைத் தொடங்கிய பெல் கொதிகலன் தொழிற்சாலைக்காக எழுந்த டவுன்ஷிப் இது. அங்கே கொதிகலனோடு வால்வுகளும் செய்கிறார்கள். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது சேஃப்டி வால்வு. பெரிய அனல் மின் நிலையத்தின் கொதிகலனில் நீராவி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 180 கிலோவுக்கும் மேல் அழுத்திக்கொண்டிருக்கும். அதன் தலைமாட்டில் ஒரு கனத்த சுருள் ஸ்பிரிங், ஒரு வட்டத் தகட்டை அழுத்திப் பிடித்தபடி நிற்கும். அழுத்தம் வைத்த அளவைத் தாண்டினால் தகடு சட்டென்று எழுந்து ஆவியை வெளியே விடும். அழுத்தம் இறங்கியதும் தானே அமர்ந்துகொள்ளும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். கொதிகலன் வெடிக்காமல் காப்பது அந்த ஒரு ஸ்பிரிங்கின் இறுக்க அளவுதான்.

அப்பா வேலை பார்த்தது அந்த வால்வுப் பிரிவில். சோதனை மேடையில் மேல்மூடியைக் கழற்றி, அறுமுகத் திருகை ஒரு முகம் அளவுக்குத் திருப்பி, மறுபடி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பார்களாம். சரியான அளவில் எழுந்தால் மட்டும் போதாது, சரியான அளவில் உட்காரவும் வேண்டும். பிறகு பூட்டு நட்டை இறுக்கி, கம்பி கோத்து ஈய முத்திரை வைப்பார்கள். வேறு யாரும் கை வைக்கக்கூடாது என்பதற்கு அந்த முத்திரை. "ஸ்பிரிங்குக்கு பலம் முக்கியமில்லப்பா, அளவுதான் முக்கியம்" என்று சாப்பிடும்போதுகூடச் சொல்வார்.

ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்படிக் கிளம்பியவர்களில் மிகப் பலர் திருவெறும்பூர், காட்டூர் பக்கமே வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்கள். கட்டும்போது பலரும் செய்த ஏற்பாடு ஒன்று: ஒரு இந்தியன் டாய்லெட், ஒரு வெஸ்டர்ன். அப்போது வெஸ்டர்ன் விருந்தாளிகளுக்கு. இப்போது முழங்கால் தேய்ந்த பிறகு வீட்டுக்காரர்களுக்கே அதுதான் கதி. ஸ்ரீரங்கத்தில் கொல்லைப்புறக் கழிப்பறை இருந்த பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழுந்தபோதும் இதே மாற்றம்தான். நம் பகுதியின் ஒரு தலைமுறை முழுவதும் அறுபது வயதுக்கு மேல் புதிதாகக் கற்றுக்கொண்ட சாதனம் வெஸ்டர்ன் டாய்லெட். அந்தச் சாதனத்தில் அசையும் பாகம் என்று கைக்குத் தட்டுப்படுவது, கடைக்காரர் 'சீட் கவர்' என்று எடுத்துக் கொடுக்கும் அந்த வளையமும் மூடியும்தான்.

அந்த வளையம் தூக்கினால் நிற்க வேண்டும். எத்தனை வீடுகளில் நிற்கிறது?

அப்பாவுக்கு இப்போது கை நடுக்கம். சிறுநீர் கழிக்க நிற்கும்போது இடது கை சுவர்ப் பிடியை விட்டு நகரக்கூடாது. வலது கைக்கு வேட்டியைப் பிடிக்கிற வேலை. சீட்டைத் தாங்கிப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. தூக்கி நிறுத்திய சீட், அவர் நிற்கும்போதே பட்டென்று விழும். அந்தச் சத்தத்தில் உடம்பு தூக்கிப்போடும். ஈரத் தரையில் ஒரு முதியவர் திடுக்கிடுவது எவ்வளவு ஆபத்து என்று வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விழுந்த சீட்டின் மேல் சிறுநீர் படும். அடுத்து அம்மா போவார். குனிந்து துடைப்பதும் அம்மாதான், அவருக்கும் இடுப்புவலி. இதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசமாட்டார். கூச்சம். ஆயுள் முழுவதும் பொறுப்பாக வேலை பார்த்த மனிதரை இந்த வளையம் தலைகுனிய வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

சீட் ஏன் விழுகிறது? முதல் காரணம் எளிது. தூக்கிய சீட் செங்குத்தைத் தாண்டிப் பின்பக்கம் கொஞ்சம் சாய வேண்டும். அப்படிச் சாய்ந்தால் அதன் எடையே அதை அங்கே பிடித்து வைத்துக்கொள்ளும். நம் வீடுகளில் பின்சுவரில் பிளாஸ்டிக் ஃப்ளஷ் டேங்க் மாட்டுகிறார்கள். டேங்க் தாழ்வாக இருந்தாலும், கோப்பையைச் சுவரை ஒட்டிப் பதித்துவிட்டாலும், மூடி டேங்கில் முட்டும்; மூடிக்கு முன்னால் நிற்கும் சீட் செங்குத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். தொட்டால் விழும், தொடாமலும் விழும். கோப்பையைப் பதிக்கிறவர் சீட் கவரைக் கொண்டுவந்து மாட்டி, தூக்கிப் பார்த்துவிட்டு டேங்குக்கு ஓட்டை போட்டால் இந்தத் தொல்லையில் பாதி வராது. பிளம்பரிடம் அப்பா சொன்னது: "தம்பி, டேங்க்கோட அடி தரையிலேருந்து மூணடிக்கு மேல இருக்கணும். மூடி அதுக்குக் கீழ போயி சாயணும்." "சார், எல்லா வீட்லயும் இப்படித்தான் சார் மாட்டுறோம்" என்று இழுத்தாலும், அந்தத் தம்பி மாற்றிக் கொடுத்தார். சீட் முன்னைவிட நன்றாக நின்றது. ஆனால் குளிப்பதும் அங்கேயே, கழுவுவதும் அங்கேயே என்ற நம் ஈரக் குளியலறையில் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் நட்டு சீக்கிரமே தளர்ந்துவிடும். கீல் ஆட ஆரம்பித்தால் சாய்மானமும் போகும். மறுபடி பட்டென்று விழும்.

அந்த இடத்தில்தான் ஸ்பிரிங் வேண்டும் என்கிறேன்.

புதிய யோசனை அல்ல இது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் பள்ளிகளிலும் தொழிற்சாலைகளிலும் ஸ்பிரிங் வைத்த சீட்டுகள் இருந்தன. உட்கார்ந்தவர் எழுந்ததும் சீட் தானே எழும். சில வகைகளில் அந்த அசைவே தண்ணீரையும் திறந்துவிடும். பலர் புழங்கும் இடத்தில் சீட்டை உலர்வாக வைத்துக்கொள்ளவும், கை படாமல் இருக்கவும் அது நல்ல வழி. இன்று ஜப்பானின் டோட்டோ நிறுவனம் ஆள் வருவதை உணர்ந்து மோட்டாரால் மூடி திறக்கும் கோப்பைகளை விற்கிறது. குளியலறைக்குள் அவ்வளவு மின்னணுப் பொருள், நம் ஈரத்துக்கும் மின்வெட்டுக்கும் தோதுப்படாது.

நம் கடைகளில் கிடைக்கும் 'சாஃப்ட் க்ளோஸ்' சீட் வேறு ரகம். அதன் கீலுக்குள் கெட்டியான கிரீஸ் நிரப்பிய சிறு உருளை இருக்கும். அது விழும் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது அவசியம் என்பேன். 2008-இல் இங்கிலாந்தின் க்ரூ நகரில் உள்ள லெய்டன் மருத்துவமனை மருத்துவர்கள், கனத்த சீட் விழுந்து பிறப்புறுப்பு நசுங்கிய நான்கு சிறுவர்களைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். எல்லோரும் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள். நின்று போகப் பழகும் வயதில் பிள்ளையின் பிறப்புறுப்பு இருக்கும் உயரமும் கோப்பையின் விளிம்பும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதுதான் காரணம். மெதுவாக மூடும் சீட்டை அவர்கள் பரிந்துரைத்தார்கள். பேரனுக்கு அது சரி. தாத்தாவுக்கு? மெதுவாக இறங்கும் சீட் சத்தமே போடாது. அது இறங்கி வருவதை அவர் கவனிப்பதற்குள் நனைந்துவிடும். அடியின் பயம் போகிறது, துடைக்கும் வேலை அப்படியே இருக்கிறது.

ஆங்கிலோ இந்தியன் கோப்பை என்று ஒன்று இங்கே உண்டு. சீட்டைப் போட்டு உட்காரலாம், தூக்கிவிட்டு இருபுறமும் வரிபோட்ட விளிம்பில் கால் வைத்துக் குந்தலாம். குந்தி இருப்பவரின் முதுகில் சீட் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தூக்கியது நிற்கவேண்டும் என்ற தேவை உலகத்தில் வேறு யாரையும்விட நமக்குத்தான் அதிகம்.

சரி, எவ்வளவு பலமான ஸ்பிரிங்? அப்பா கணக்குப் போட்டது காலண்டர் தாளின் பின்பக்கத்தில். சாதாரண பிளாஸ்டிக் வளையத்தின் எடை சுமார் ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். படுத்த நிலையில் அதன் முன்விளிம்பைத் தூக்க ஏறக்குறைய அரை கிலோ விசை போதும், மீதி எடையைக் கீல் தாங்கிக்கொள்கிறது. 60 டிகிரி தூக்கியதும் கால் கிலோவாகக் குறைகிறது. 80 டிகிரியில் நூறு கிராமுக்கும் கீழே. செங்குத்தில் ஒன்றுமே இல்லை. கீலில் சுற்றும் முறுக்கு ஸ்பிரிங்கின் குணமும் இதே போக்குதான்: சீட் படுத்திருக்கும்போது அதிகம் முறுக்கேறி பலமாகத் தள்ளும், எழ எழத் தளரும். எடையும் ஸ்பிரிங்கும் ஒரே திசையில் குறைந்துகொண்டே வருவதால் ஒன்றுக்கொன்று ஈடுகட்டுவது எளிது. கொதிகலனிலிருந்து போகும் சூடான குழாய்களைத் தாங்குகிற ஸ்பிரிங் ஹேங்கரிலும் இப்படித்தான் எடையையும் ஸ்பிரிங்கையும் ஈடுகட்டுவார்கள் என்று அப்பா விளக்கியபோது அவர் குரலில் பழைய தெம்பு இருந்தது.

அப்பாவின் முதல் எண்ணம், அரை கிலோவைத் தாண்டித் தள்ளும் ஸ்பிரிங். கை வைக்காமலே சீட் எழுந்துகொள்ளும், குனியவே வேண்டாம். அம்மா ஒரே வார்த்தையில் மறுத்தார்.

"நான் உட்காரப் போறப்ப அது எழுந்து நின்னா?"

அதுதான் விஷயம். அம்மா ஒரு கையால் சுவர்ப் பிடியைப் பிடித்து, பின்பக்கம் பார்க்காமல், மெதுவாக உடம்பை இறக்குகிறவர். ஊனமுற்றோருக்கான நம் அரசின் வழிகாட்டு நெறிகள் சீட்டின் மேல்பரப்பு தரையிலிருந்து 45 முதல் 48 செ.மீ. வரை இருக்க வேண்டும் என்கின்றன. அவ்வளவு உயரம் வைத்தும் கடைசிச் சில அங்குலம் வயதானவர்கள் நம்பிக்கையில்தான் இறங்குகிறார்கள். அங்கே சீட் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் இடுப்பெலும்பு போய்விடும். எழும்போதும் அப்படியே. பாதி எழுந்தவரைப் பின்னாலிருந்து சீட் தள்ளினால் முன்னால் சாய்ந்துவிடுவார். அமெரிக்கத் தொழிற்சாலையின் திடமான ஆளுக்காகச் செய்த அளவு எழுபது வயது அம்மாவுக்கு ஆகாது.

ஆகவே ஸ்பிரிங் எடையைவிடக் குறைவாகவே தள்ள வேண்டும். படுத்த நிலையில் முந்நூறு கிராம், செங்குத்தை நெருங்கும்போது நூறு கிராம். அப்படி வைத்தால் சீட் தானாக எழாது; போட்டது போட்டபடி கிடக்கும். தூக்க இருநூறு கிராம் விசை போதும், நடுங்கும் கையாலும் முடியும். ஏறக்குறைய 78 டிகிரியைத் தாண்டியதும் ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும், விடாது. இறக்க வேண்டுமானால் ஒரு விரலால் தட்டினால் வரும். தூக்கினால் நிற்கும், இறக்கினால் கிடக்கும். எது வேண்டும் என்று முடிவு செய்கிறவர் மனிதர்தான். இரண்டு பேரின் தேவையும் இந்த ஒரு அளவுக்குள் அடங்கிவிடுகிறது. அப்பா சோதனை மேடையில் சொன்ன அதே பாடம்: எழுவது மட்டும் போதாது, உட்காரவும் வேண்டும்.

கழிப்பறையின் ஒரு சிறு பாகத்துக்கு இவ்வளவு யோசனையா என்று கேட்பவர்களுக்கு, இது திருச்சி மாவட்டம் என்பதை நினைவூட்டுவேன். ஊர் ஊராகக் கழிப்பறை கொண்டுபோன 'கிராமாலயா' தொண்டு நிறுவனத்தின் தாமோதரனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே விருதைப் பெற்றவர் 'ஸ்கோப்' தொண்டு நிறுவனத்தின் மராச்சி சுப்புராமன். சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரித்து உரமாக்கும் கழிப்பறையை முசிறியில் கட்டி, பயன்படுத்துகிறவர்களுக்கே காசு கொடுத்தது அந்த நிறுவனம். அந்தக் கோப்பையிலும் துளைக்கு மூடி உண்டு. தூக்குவதும் மூடுவதும் ஒழுங்காக நடந்தால்தான் அந்த ஏற்பாடே நிற்கும்.

சீட்டுக்கும் மூடிக்கும் என்றே ஐ.எஸ். 2548 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. செய்து கொடுக்கும் கைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. துவாக்குடி தொழிற்பேட்டையில் பெல்லை நம்பி எழுந்த சிறு பட்டறைகள் எத்தனையோ. ஆர்டர் குறைந்து பல பட்டறைகள் திணறியதும் உண்டு. இரண்டு எட்டு வைத்தால் என்.ஐ.டி. இந்தப் பட்டறைக்காரர்களிடமும் என்.ஐ.டி.யிடமும் கேட்பது இதுதான். எந்த சீட் கவரிலும் மாட்டக்கூடிய ஒரு கீல் செய்யுங்கள். கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். காட்டூர் போர்வெல் தண்ணீரின் உப்பு சாதாரண ஸ்பிரிங்கை அரித்துவிடும். விரலும் வேட்டி நுனியும் சிக்காதபடி ஸ்பிரிங்குக்கு ஒரு உறை வேண்டும். பிளாஸ்டிக் நட்டு வேண்டாம், பூட்டு நட்டு போடுங்கள். சீட்டின் எடைக்கு ஏற்ப முறுக்கைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு வையுங்கள். வீட்டில் ஒருமுறை அளவு பார்த்து இறுக்கிவிட்டால் போதும். மாதிரி தயாரானதும் முதல் சோதனைக்கு வயதான அம்மா ஒருவரை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். சீட் ஒரு நூல் அளவு அவரைத் தள்ளினாலும் திருகைத் தளர்த்துங்கள்.