ஒரு ரியால் முத்திரை

முத்திரை சேர்க்கத் தொடங்கியபோது எனக்குப் பதினொரு வயது. 1981 ஆம் ஆண்டு. வாப்பா சவூதிக்குப் போய் இரண்டு வருடங்களாகியிருந்தன. ராத்தாவுக்கு வீடு கட்டுவதற்காகத்தான் போனார். கல்முனைக்குத் தெற்கே எங்கள் பக்கத்து ஊர்களில் வீடில்லாமல் ஒரு பெண்பிள்ளைக்கு மாப்பிள்ளை பேச முடியாது. இதைப்பற்றி நம்மவர்கள் எத்தனையோ கதைகள் எழுதிவிட்டார்கள். நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மாதம் ஒரு கடிதம் வரும். மடித்தால் அதுவே உறையாகிவிடும் மெல்லிய நீலத்தாள். வெளிப்பக்கம் விலாசமும் முத்திரையும், உட்பக்கம் முழுவதும் வாப்பாவின் நெருக்கமான எழுத்து. மேலே 786 என்று போட்டு, ஸலாம் சொல்லி, ஒவ்வொருவராகச் சுகம் விசாரித்து, கடைசி மூலைவரை எழுதுவார். தாளில் ஒரு விரல் இடம்கூட வீணாகாது. அவர் செலவழித்த காசுக்கு அது நியாயமும்தான்.

எனக்கு இந்தப் பைத்தியத்தைத் தொற்றவைத்தவன் என் வகுப்பிலிருந்த தபாலதிபரின் மகன். அவனிடம் உண்மையான அல்பம் இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு சீ.ஆர். கொப்பி. அதில் நாட்டுக்கொரு பக்கம் ஒதுக்கி, அடிமட்டம் வைத்துக் கட்டம் கீறி, சோற்றுப்பசையால் முத்திரைகளை ஒட்டியிருந்தேன். அவன் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்தான்.

"சோத்த வெச்சா ஒட்டின? பூச்சி திங்கும்டா."

பிறகு முறையைச் சொல்லித் தந்தான். முத்திரையை உறையிலிருந்து பிய்க்கக்கூடாது. சுற்றிக் கொஞ்சம் தாள் விட்டு வெட்டவேண்டும். கோப்பையில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி, முகம் மேலே இருக்க மிதக்கவிடவேண்டும். பத்து நிமிடத்தில் தாள் தானாகக் கழன்றுவிடும். ஈர முத்திரையைப் பத்திரிகைத் தாளில் கவிழ்த்துக் காயவைத்து, தடித்த புத்தகமொன்றின் நடுவில் வைத்து அழுத்தவேண்டும். அல்பத்தில் ஒட்டுவதற்கென்று சின்னப் பசைத்தாள்கள் உண்டாம். எங்கள் ஊரில் அவை ஏது? முத்திரைத் தாளின் விளிம்பில் படமில்லாத வெள்ளைப் பட்டி இருக்குமல்லவா, அதைத் தபாற்கந்தோரிலிருந்து எடுத்துவந்து கீற்றுக் கீற்றாக வெட்டித் தருவான். பத்துக் கீற்றுக்கு ஒரு மார்பிள் விலை.

அந்த நாட்களில் உலகம் எனக்கு வேறு விதமாக இருந்தது. 'ஹெல்வெஷியா' ஆபிரிக்காவில் எங்கேயோ இருக்கிறது என்று ஒரு வருடம் நம்பியிருந்தேன். அது சுவிட்சர்லாந்து. 'மக்யார்' என்பது ஹங்கேரி, 'சுவோமி' பின்லாந்து. பெயரே போடாமல் ராணியின் தலையை மட்டும் போட்டிருந்தால் அது பிரித்தானியா. அவர்களுக்கு மாத்திரம் அந்தத் திமிர். அஜ்மான், புஜைரா, உம்முல் குவைன் என்று அரபுப் பெயர் பொறித்த பெரிய பெரிய வர்ண முத்திரைகள் கடைப் பொதிகளில் வரும். விண்வெளி வீரர், உதைபந்தாட்டம், ஐரோப்பிய ஓவியம் என்று படங்கள். நம்முடைய ஆட்கள் வெளியிட்டவை என்ற பெருமையில் அவற்றுக்கு முதற்பக்கம் கொடுத்தேன். அவற்றில் பெரும்பாலானவை எந்தக் கடிதத்திலும் ஒட்டப்படாதவை, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காகவே 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அச்சடிக்கப்பட்டவை என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது.

இலங்கைப் பக்கத்தில் கட்டங்கள்தான் அதிகம். இந்த நாட்டின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1 இல் வெளியானது. ஆறு பென்ஸ், விக்டோரியா மகாராணியின் தலை, விளிம்பில் துளைகள் இல்லை. 1859 இல் வந்த மங்கிய ரோஜா நிற நாலு பென்ஸ் முத்திரை உலகம் முழுவதும் தேடப்படுகிற அரும்பொருள். இரண்டுக்கும் கட்டம் கீறி, அடியில் பென்சிலால் விபரம் எழுதி வைத்திருந்தேன். எப்படியும் கிடைத்துவிடும் என்றுதான் நினைத்தேன். 'முஸ்லிம் நேசன்' நடத்திய, 'அஸன்பேயுடைய கதை' எழுதிய சித்திலெப்பைக்கு 1977 இல் முத்திரை வெளியிட்டார்கள். நான் தேடத் தொடங்கியபோது அது தபாற்கந்தோரில் தீர்ந்துபோயிருந்தது. அந்தக் கட்டத்தை நிரப்ப எனக்கு மூன்று வருடம் பிடித்தது. அது வேறு கதை.

நிறைந்து வந்த பக்கம் சவூதிதான். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். அந்தக் காலத்து வாப்பாவின் கடிதங்களில் இரண்டே இரண்டு படங்கள்தான் மாறி மாறி வரும். ஒன்று கஃபா. மற்றது அல்-கஃப்ஜியில் கடலுக்குள் நிற்கும் எண்ணெய்க் கோபுரம்.

கஃபா முத்திரை எதுவும் என் கைக்கு வரவில்லை. முதலாவதை நான் கோப்பைத் தண்ணீரில் மிதக்கவிட்டிருந்தபோது மூத்தம்மா கண்டுவிட்டா.

"யா அல்லாஹ்! கஃபதுல்லாட படத்தையா தண்ணில போட்டிரிக்காய்?"

எடுத்து, முந்தானையால் துடைத்து, கண்ணில் ஒற்றி, குர்ஆன் வைக்கும் றேஹாலுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பேணிக்குள் போட்டுக்கொண்டா. பின்னால் வந்தவையெல்லாம் நேராகப் பேணிக்குத்தான் போயின. மூத்தம்மா மௌத்தாகும்வரை என் கொப்பியில் அந்த வரிசை வெறும் கட்டங்களாகவே இருந்தது.

எண்ணெய்க் கோபுரம் எனக்கு. ஒரே படம் திரும்பத் திரும்ப வருகிறதே என்று ஆரம்பத்தில் ஆறேழை மார்பிளுக்குக் கொடுத்துத் தீர்த்தேன். தொடங்குகிற எல்லோரும் செய்யும் பிழை இது. ஒரு நாள் தபாலதிபரின் மகன் தன் அல்பத்தைத் திறந்து காட்டினான். அதே கோபுரம், வரிசையாக. ஒவ்வொன்றும் வேறு நிறம். 5 ஹலாலா, 10, 15, 20 என்று ஒவ்வொன்றும் வேறு பெறுமதி. நான் கொடுத்தவற்றைக் கொண்டே அவன் வரிசை நிரப்பியிருந்தான். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு அவசரம் வந்துவிட்டது. கடிதம் வந்தால் உம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது நான்தான். உம்மா ஓதுவா, தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். வாசித்து முடித்த கையோடு கத்திரிக்கோலை எடுப்பேன். முத்திரைக்குப் பின்னால் வாப்பாவின் எழுத்து இருக்கும், அதுவும் சேர்ந்துதான் வரும். தாளின் மூலையில் ஒரு சதுர ஓட்டை விழும். வெட்டிய துண்டு தண்ணீருக்குள் போகும். நீல மை கரைந்து கோப்பை முழுவதும் பரவும்.

உம்மா ஏசுவா, ஆனால் தடுக்கமாட்டா. வாசித்தாயிற்றுத்தானே. பகலில் வேலை ஓய்ந்ததும் சாச்சியின் மகளைக் கூப்பிட்டு அதே கடிதத்தை மறுபடி வாசிக்கச் சொல்வா. ஓட்டை வந்ததும் அவள் நிறுத்துவாள். உம்மா மனதிலிருந்து சொல்வா:

"அதுல 'மழைக்கி முந்தி கூரையப் பாக்கச் சொல்லுங்க' எண்டு இரிந்திச்சி மகள். அங்கால வாசிங்க."

ஒரு சொல் தவறாது. நான் வெட்டிய ஓட்டைகளையெல்லாம் உம்மா இப்படித்தான் நிரப்பிக்கொண்டிருந்தா.

1982 இல் ராத்தாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பக்கத்து ஊர், பாடசாலை மாஸ்டர். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். ராத்தாவுக்கும் விருப்பம் என்பதை அவ சாயங்காலங்களில் தைக்கும்போது முணுமுணுத்த பாட்டிலிருந்து நான்கூட விளங்கிக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றுதான். வீடு அரைகுறையாக நிற்கிறது, இத்தனை மாதத்தில் முடித்துத் தருவோம் என்று பெண்ணின் வாப்பா வாக்குத் தரவேண்டும். உம்மா எழுதச் சொன்னா, நான்தான் எழுதினேன். பதிலுக்குக் காத்திருந்தோம்.

அந்தக் கடிதம் வந்த நேரம் உம்மா குளித்துக்கொண்டிருந்தா. தபாலதிபரின் மகன் படலையடியில் நின்றான். அவனே கொண்டுவந்து தந்த கடிதம் அது. முத்திரையைப் பார்த்தேன். எண்ணெய்க் கோபுரம், ஒரு ரியால். என் வரிசையில் இல்லாதது, அவனிடமும் இல்லாதது. அவன் சட்டைப் பையிலிருந்து முக்கோண வடிவிலான ஹங்கேரி முத்திரை ஒன்றை எடுத்தான். முக்கோணத்தை நான் அதுவரை கையால் தொட்டதில்லை.

எனக்கு அந்த ரியாலும் வேண்டியிருந்தது. ஆனால் வாப்பாவின் கடிதம் மாதாமாதம் வரும், அடுத்த மாதம் இன்னொரு ரியால் வராமலா போகும்? கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மடிப்பில் கைவிட்டுக் கத்திரிக்கோலை ஓட்டினேன்.

உம்மா வந்து குந்தினா. வாசித்தேன். "மாஸ்டர் மாப்பிள்ளை விடயமாக எழுதியிருந்தீர்கள். இங்கு முதலாளியிடம் கதைத்துப் பார்த்தேன். எனவே இந்தச் சம்பந்தத்துக்கு எனக்கு..." அத்துடன் ஓட்டை. ஓட்டைக்கு அப்பால், "...அல்லாஹ் நாடியபடிதான் எல்லாம் நடக்கும். நீங்கள் மனம் தளர வேண்டாம்."

உம்மா என் முகத்தைப் பார்த்தா. அந்த ஓட்டையை நிரப்ப உம்மாவிடமும் ஒன்றுமில்லை.

நான் ஓடினேன். தபாலதிபர் வீட்டுத் திண்ணையில் கோப்பை இருந்தது. முத்திரை பத்திரிகைத் தாளில் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது. முதுகு சுத்தமான வெள்ளை. கழன்ற தாளைக் கோப்பையின் அடியிலிருந்து எடுத்துத் தந்தான். கையில் வைத்தபோதே கூழாகிவிட்டது. நீலக் கறை மட்டும் விரலில் நின்றது.

தந்தி அடிக்கலாம் என்று மாமா சொன்னார். உம்மா சம்மதிக்கவில்லை. ஊரிலிருந்து தந்தி போனால் அவர் மௌத்துச் செய்தி என்றுதான் நினைப்பார், திறந்து பார்க்குமுன்பே விழுந்துவிடுவார் என்றா. கடிதம்தான் போனது. போக மூன்று கிழமை, வர மூன்று கிழமை. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை ஆளனுப்பினார்கள். உம்மா என்ன சொல்வது? ஆம் என்று சொல்லவும் பயம், இல்லை என்று சொல்லவும் பயம். அவர்கள் அதை விருப்பமின்மை என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. வாப்பாவின் பதில் வந்தபோது மாஸ்டருக்கு வேறிடத்தில் நாள் குறித்தாயிற்று.

"எனக்குப் பூரண சம்மதம், எட்டு மாதத்தில் வீட்டை முடிப்பேன் என்று தெளிவாக எழுதியிருந்தேனே" என்று அந்தக் கடிதத்தில் இருந்தது. அதை வாசித்துக் காட்டியதும் நான்தான். மாமா அடித்தார். உம்மா அடிக்கவில்லை. ராத்தா தையல் இயந்திரத்தை விட்டு எழும்பவில்லை. அன்றைக்கும் எனக்குச் சோறு போட்டுத் தந்தது அவதான்.

அடுத்த கடிதத்தில் என்ன வருமோ என்று பயந்துகொண்டிருந்தேன். வந்தது. பிரித்தபோது வலது மூலையில் பென்சிலால் ஒரு சதுரம் கீறியிருந்தது. வெளிப்பக்கத்தில் முத்திரை இருக்கும் இடத்துக்குச் சரி நேர் பின்னால். அதற்குள் ஓர் எழுத்தும் இல்லை. வாப்பா அதைச் சுற்றிச் சுற்றி எழுதியிருந்தார். கடைசியில் எனக்கு ஒரு வரி: "மகனுக்கு இடம் விட்டிருக்கிறேன்."

அதற்குப் பிறகு 1987 இல் அவர் ஒரேயடியாக ஊர் திரும்பும்வரை வந்த ஒவ்வொரு கடிதத்திலும் அந்தச் சதுரம் இருந்தது. மூலைவரை எழுதி நிறைக்கும் மனிதர், மாதாமாதம் அவ்வளவு இடத்தை வெறுமையாக விட்டார். நடுவில் 1984 இல் லீவில் வந்தபோது தடித்த அட்டை போட்ட உண்மையான அல்பமும், ஆயிரம் பசைத்தாள் கொண்ட பெட்டியும் கொண்டுவந்தார். மாஸ்டரைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அந்தச் சதுரங்களில் ஒன்றையும் நான் வெட்டவில்லை. கத்திரிக்கோலை எடுத்தால் கை போகாது. அல்பத்தின் சவூதிப் பக்கத்தில் வரிசைக்குள் ஐந்து இடங்கள் காலியாகக் கிடந்தன. அவற்றில் நாலுக்கு உரியவை வீட்டிலேயே, உம்மாவின் பெட்டியில், கடிதங்களில் ஒட்டியபடி இருந்தன. ஐந்தாவது அந்த ஒரு ரியால். அது மறுபடி வரவேயில்லை. வாப்பா அதற்குப் பிறகு வேறு முத்திரைகளை ஒட்டினார். தற்செயலோ, வேண்டுமென்றோ, நான் கேட்டதில்லை. 1996 இல் அவர் மௌத்தானார்.

ராத்தா 1985 இல் முடித்தா. மச்சான் பலசரக்குக் கடைக்காரர், சொந்தத்துக்குள். அந்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறா. 2004 டிசம்பரில் கடல் வந்தபோது அவவின் வாசற்படியோடு தண்ணீர் நின்றுவிட்டது. உம்மாவின் கடிதப் பெட்டியும் அங்கேதான் இருந்தது, அலுமாரிக்கு மேலே. மச்சானோடு அவ குறைவாக வாழ்ந்தா என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

சில வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு முத்திரை வியாபாரியின் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபுர வரிசை சிறு கடதாசிப் பைகளில் கிடந்தது. ஒரு ரியாலும் இருந்தது. வட்ட முத்திரை குத்தியது, துளைகள் நாலு பக்கமும் பழுதில்லை. திருப்பிப் பார்த்தேன். சுத்தமான முதுகு. வாங்கிவந்து, வாப்பா தந்த பசைத்தாளில் மிச்சமிருந்த ஒன்றைக் கொண்டு அதன் இடத்தில் ஒட்டினேன்.

பெருநாளைக்கு ராத்தா பேத்தியோடு வந்திருந்தா. பிள்ளை அல்பத்தைப் புரட்டினாள். சவூதிப் பக்கம் வந்ததும் ராத்தா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் குனிந்தா. எது புதிது என்று அவவுக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

"எடுத்திட்டாய்?"

"ஓம் ராத்தா."

"என்ன விலை?"

"எண்பது ரூபா."

ராத்தா சிரித்தா. "அவ்வளவுதானா தம்பி?" என்றா. பிள்ளை அதற்குள் ஹங்கேரிப் பக்கத்துக்குப் போய்விட்டாள். முக்கோண முத்திரையைக் கண்டு, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.