இரண்டரை கிகாபாஸ்கல்

அரியலூர் மாவட்டத்தில் செந்துறைப் பக்கம் ஒரு சிற்றூர். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். மகள் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் உயரழுத்த ஆய்வு மையத்தில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள பிஸ்மத் துண்டின்மேல் தங்கக் கம்பி ஒட்டிக்கொண்டிருக்கிறார். கம்பியின் தடிமன் 20 மைக்ரான். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. “மூச்சை மெதுவா விடுங்க சார், வயர் பறந்துடும்” என்றார், கண்ணை எடுக்காமல்.

நான்கு கம்பிகள். இரண்டு மின்னோட்டம் செலுத்த, இரண்டு மின்னழுத்தம் அளக்க. வெள்ளிப் பசையை ஊசிமுனையில் தொட்டு வைக்கிறார். பசை கூடினால் பக்கத்துப் புள்ளியோடு சேர்ந்துவிடும். குறைந்தால் அழுத்தும்போது பிய்ந்துவிடும். பிறகு அந்தத் துண்டு, எண்ணெய் நிரப்பிய சிறிய டெஃப்லான் குப்பிக்குள் போகிறது. எண்ணெய் இருப்பதால்தான் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழுகிறது. குப்பியை உருளைக் கலத்துக்குள் இறக்கி, டங்ஸ்டன் கார்பைடு தண்டை மேலே வைத்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஏற்றுகிறார்கள். அழுத்தம் ஏறியதும் மறையை இறுக்கிவிட்டால் பிரஸ்ஸை விட்டு எடுத்தாலும் கலம் அழுத்தத்தைத் தன்னுள்ளேயே பிடித்துக்கொள்ளும்.

இறுக்குகிற வேலை பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வந்த மூத்த மாணவருடையது. சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம். மாணவி அவரை ‘அண்ணா’ என்கிறார். கலம் கையில் இருக்கும்போது அந்த அண்ணன் யாரிடமும் பேசுவதில்லை. தண்டு உடைந்தால் துண்டு தெறிக்கும் என்பதால் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றே பிடியை அசைக்கிறார். மீட்டரில் மின்தடை மெல்ல மாறிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் சட்டென்று சரிந்தது. பிஸ்மத் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்ட இடம் அது. 2.55 கிகாபாஸ்கல், காற்று மண்டலம் நம்மேல் செலுத்துவதைப்போல ஏறத்தாழ 25,000 மடங்கு. பூமிக்குள் எழுபது, எண்பது கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள அழுத்தம். இயற்கை வைத்த இந்தக் குறியைக்கொண்டுதான் கலத்தைச் சரிபார்க்கிறார்கள்.

அந்த எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1979இல் ஜெர்மனியில் ஃபிராங்க் ஸ்டெக்ளிச் குழுவினர், செரியம், செம்பு, சிலிக்கான் சேர்ந்த ஒரு சேர்மம் அரை கெல்வின் அளவில் மின்தடையை முற்றிலும் இழந்து மீக்கடத்தியாவதை அறிவித்தார்கள். பலரும் நம்பவில்லை. காந்த அணுக்கள் சிறிதளவு கலந்தாலே மீக்கடத்தல் கெடும் என்பது அதுவரை பாடம். இதிலோ ஐந்தில் ஓர் அணு செரியம். செரியத்தை எடுத்துவிட்டுக் காந்தமற்ற லாந்தனத்தை வைத்தால் மீக்கடத்தலே இல்லை. அதாவது, கெடுக்க வேண்டியதே இங்கே உண்டாக்குகிறது. இத்தகைய சேர்மங்களில் எலக்ட்ரான்கள் தாழ்வெப்பத்தில் தம் இயல்பான நிறையைப்போல நூறு மடங்கு, சிலவற்றில் ஆயிரம் மடங்குகூடக் கனத்தவையாக நடந்துகொள்ளும். கன ஃபெர்மியான் என்ற பெயர் அதனால் வந்தது.

அழுத்தம் இங்கேதான் நுழைகிறது. 1998இல் கேம்பிரிட்ஜில் லோன்சாரிச் குழுவினர், 10 கெல்வினில் எதிர் ஃபெர்ரோ காந்தமாகும் செரியம்–இண்டியம் சேர்மத்தை நசுக்கினார்கள். அழுத்தம் ஏற ஏறக் காந்தம் தளர்ந்தது. அது அறவே மறையும் தறுவாயில், இரண்டரை கிகாபாஸ்கலை ஒட்டி, மீக்கடத்தல் தலைகாட்டியது. இட்டெர்பியம் சேர்மங்களில் கதை தலைகீழ்: அங்கே அழுத்தம் காந்தத்தை எழுப்புகிறது. அவற்றில் ஒன்றான இட்டெர்பியம்–இண்டியம்–செம்பிலும் காந்தம் எழுவது அதே இரண்டரையை ஒட்டித்தான். செரியத்தின் 4எஃப் எலக்ட்ரானை அழுத்தம் வெளியே தள்ளுகிறது. இட்டெர்பியத்தில் அதுவே காந்தத் தன்மையுள்ள நிலைக்கு அணுவை நகர்த்துகிறது. ஒரே கலம், ஒரே எண்ணெய், எதிரெதிர் விளைவு. கலத்தின் அளவீடு கொஞ்சம் பிசகினாலும் எது எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது.

இந்தச் செரியத்தின் மூலம் நமக்குத் தொலைவில் இல்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட்டில் மிகுதியாக உள்ள அருமண் தனிமம் அதுதான்.

கலத்தை யார் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு கடைசல் பட்டறைக்கும் போனேன். எஃகு ஆகாது, அதன் காந்தம் அளவீட்டை மூழ்கடித்துவிடும். அதனால் பெரிலியம்–செம்பு. “இதுல போர் நேரா இல்லேன்னா தண்டு சாஞ்சு ஒடைஞ்சிடும் தம்பி” என்றார் லேத் பிடிக்கும் பெரியவர். உள்துளையை விரல் நுனியால் தடவியே மேடுபள்ளம் சொல்கிறார். பெரிலியத் தூசி நுரையீரலைக் கெடுக்கக்கூடியது. கூலண்ட் ஓடவிட்டு ஈரமாகவே கடைய வேண்டும், உலர்ந்த சீவலை ஊதித் தள்ளக் கூடாது என்பதை அவர் அறிந்து வைத்திருந்தார். எல்லாப் பட்டறைகளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடங்கள் வரைபடத்தோடு இந்த எச்சரிக்கையையும் கொடுத்தாக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

கட்டுரைகளில் இத்தனை உழைப்புக்கும் ஒரு வாக்கியம்தான் கிடைக்கிறது: உருளைக் கலத்தின் மூலம் அழுத்தம் தரப்பட்டது. வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க எத்தனை கம்பிகள் அறுந்தன என்று அதில் இராது. ஆனால் இந்த மையம் உலகத்தோடு பேசுவது அந்தப் புள்ளிகளால்தான். 2012இல் ஜப்பானியர்கள் பிஸ்மத்–கந்தக அடுக்கு மீக்கடத்திகளைக் கண்டபோது, அவற்றின்மேல் அழுத்தம் என்ன செய்கிறது என்ற விடைகளில் சில 2013இலேயே இங்கிருந்து வெளிவந்தன. சிறுநகரத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் துறை ஏற்றது என்று நான் நினைப்பது இதனால்தான். முடுக்கி வேண்டாம், தொலைநோக்கி வேண்டாம். கையும் பொறுமையும் முதல்.

குளிர்தான் தடை. ஹீலியம் 4.2 கெல்வினில் கொதிக்கிறது. பம்ப் வைத்து உறிஞ்சினால் ஒரு கெல்வின் பக்கம்வரை இறங்கலாம். செரியம்–இண்டியத்தின் மீக்கடத்தலோ 0.2 கெல்வினில். அதற்கு ஹீலியம்-3 கலந்த நீர்ப்புக் குளிரூட்டி வேண்டும். ஹீலியத்தை நாம் பெரும்பாலும் இறக்குமதிதான் செய்கிறோம். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ராமகிருஷ்ணன் குழுவினர் 0.53 மில்லிகெல்வினுக்கும் கீழே இறங்கி, அழுத்தமே இல்லாமல் பிஸ்மத் மீக்கடத்தியாவதை 2016இல் காட்டினார்கள். அந்தக் குளிர் எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் வாய்க்காது.

பல்கலைக்கழக மாணவர்களுக்குத் திறந்திருக்கும் தாழ்வெப்பக் கருவிகள் இந்தூரில் யுஜிசி–டிஏஈ கூட்டமைப்பிடம் இருக்கின்றன. செந்துறை மாணவி கலத்தோடு அங்கே போக விண்ணப்பித்திருக்கிறார். “கொடுக்குற நாளுக்குள்ள முடிக்கணும் சார். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கலம் மெதுவா குளிரணும், திரும்ப சூடாகணும். நாலே அழுத்தம்தான் எடுக்க முடியும்” என்றார். எந்த நாலு என்று கேட்டேன். நோட்டைத் திருப்பிக் காட்டினார்: ஒன்று, இரண்டு, மீதி இரண்டும் இரண்டரைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்.