நிற்கும் வண்டி

பந்தயச் சாயலில் அமைந்த மோட்டார் வண்டி என்றதும் அதன் வேகமே நம்மவர்க்கு அச்சந்தருகிறது. வீட்டுப் பிள்ளை அத்தகைய வண்டியொன்றை வாங்கினான் எனக் கேள்வியுற்றால், பெரியவர்களின் மனம் முதலில் நெடுஞ்சாலைக்கும் அடுத்து மருத்துவமனைக்கும் ஓடும். ஆனால் ஆண்டுக்கணக்காக ஓடாமல், சக்கரங்களில் காற்றிறங்கி, கொட்டகையின் மூலையில் நின்றுவிட்ட வண்டியிலும் ஆபத்து உண்டு. அவ்வாபத்து ஓசையின்றி இருப்பது. இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரில், தமக்கை மகனின் இல்லத்தில் இரண்டு மாதங்கள் தங்கியிருந்த காலத்தில் நாம் இதைக் கண்டறிந்தோம்.

நாம் புறப்படுமுன் தமக்கை நம்மிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருந்தார். "அந்தத் துருப்பிடித்த இரும்பை விட்டுத் தொலைக்கச் சொல்லு தம்பி. மூணு வயசுப் பிள்ளையை வச்சுக்கிட்டு, எந்நேரமும் அதுக்கு அடியிலேயே கிடக்கிறானாம். உன்கிட்ட ஓதினவன், நீ சொன்னா கேட்பான்" என்றார். இளமையிலேயே கணவரை இழந்து, ஒரே மகனை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அந்தச் சொல்லின் பின்னே இருந்த நடுக்கத்தை நாம் அறிவோம்.

மருமகன் வாங்கியிருந்தது 1972-ஆம் ஆண்டின் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், நான்காவது மார்க். கூரையில்லாத, இருவர் மட்டும் அமரத்தக்க சிறு வண்டி. இதே கவெண்ட்ரியின் கேன்லி ஆலையில் 1962 முதல் 1980 வரை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. உருவம் வரைந்தவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். இரண்டாம் உலகப்போரில் பறந்த போர்விமானத்தின் பெயரை இதற்குச் சூட்டினார்கள். அவ்வளவும் அயலாரின் கதை என்று எண்ணியிருந்த நமக்கு, மருமகன் முன்பக்கத்தை அப்படியே முன்னோக்கிக் கவிழ்த்துத் திறந்து காட்டியபோது ஒரு பழைய நினைவு வந்தது. பானெட்டும் முன்சக்கர மூடிகளும் ஒரே துண்டாக எழுந்து திறக்கும் அந்த அமைப்பை நம்மூர் மருத்துவர் ஒருவரின் காரில் சிறுவயதில் கண்டு வியந்திருக்கிறோம். அது சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் கட்டியதே இந்த ஸ்பிட்ஃபயர். ஆகவே இவ்வண்டி நமக்கு ஒருவகையில் உறவுமுறையாயிற்று.

இத்தகைய வேலை வீண் விளையாட்டாகாதா, பொருளை விரயமாக்குதல் ஆகாதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தன் கைப்பொருளில், கடன்படாமல், குடும்பத்தின் உரிமையில் குறைவைக்காமல், அழியவிருந்த ஒரு கைவினையை ஒருவன் மீட்டெடுப்பதைக் குறைகூற நமக்கு மனமில்லை. செல்லரித்த கிதாபுகளுக்கு ஏடு ஒட்டிக் கட்டுவதில் மாலைப்பொழுதுகளைக் கழித்தவர்கள் நாம். ஆனால் வேலை ஆகுமானது என்பதனாலேயே அதைச் செய்யும் முறையும் ஆகுமானதாகிவிடாது. இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் 'அல்முஸ்தஸ்ஃபா'வில், மார்க்கச் சட்டம் காக்க முனையும் ஐந்தினை வரிசைப்படுத்துகிறார்கள்: மார்க்கம், உயிர், அறிவு, வழித்தோன்றல், பொருள். உயிர் இரண்டாவது, பொருள் கடைசி. பழைய காரை எவ்வளவு போற்றினாலும் அது பொருளே. இவ்வரிசை தலைகீழாகும் இடத்தில்தான் நம் வழக்கு தொடங்குகிறது.

நாம் சென்ற மூன்றாம் நாளே அவ்விடம் வந்தது. ஜூன் மாதத்தில் அந்நாட்டில் கதிரவன் மறைய இரவு ஒன்பதரை ஆகும். வேலைக்குச் சென்று களைத்துத் திரும்புகிறவனை அந்த நீண்ட வெளிச்சம் கராஜுக்குள் இழுத்துவிடுகிறது. மருமகன் உருளை ஜாக்கியால் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு, அடியில் நுழையப்போனான். நாம் குறுக்கே நின்றோம்.

"ஒரு நிமிஷ வேலைதான் மாமா. ஜாக்கி புதுசு."

"புதியதோ பழையதோ, இதைத் தாங்கி நிற்பது எண்ணெய்தானே? அந்த எண்ணெயை அடக்கி வைத்திருப்பது ஒரு ரப்பர் வளையம். அது கசிந்தால்?"

அவனிடம் விடை இல்லை. உண்மை இதுதான்: ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கு இரும்புத் தாங்கிகள் தனியே உண்டு. வண்டியின் எடை 700 கிலோவுக்கு மேல். பின்பக்கத்தை உயர்த்தினால் இன்னொரு கேடும் சேர்கிறது. கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிப்பது. அவை ஆகாயத்தில் தொங்கும்போது, தரையிலுள்ள முன்சக்கரங்களைப் பிடித்து நிறுத்த எதுவுமில்லை. அவற்றுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைக்காவிடில் வண்டி உருண்டு, ஜாக்கியிலிருந்து நழுவிவிடும். நம்மூர்ப் பட்டறைகளில் செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பார்கள். முன்னறிவிப்பின்றி நொறுங்குவது செங்கல்லின் இயல்பு.

அன்று முதல் ஒரு நடைமுறை ஏற்பட்டது. சமமான காங்கிரீட் தரையில் ஆப்பு வைத்து, தூக்கி, அடிச்சட்டத்தின் உறுதியான இடங்களில் தாங்கிகளை நிறுத்தி, எடை முழுவதையும் அவற்றின்மேல் இறக்கிய பின், இருவரும் சேர்ந்து வண்டியைப் பக்கவாட்டில் குலுக்கிப் பார்ப்போம். விழுவதாயின் அப்போதே விழட்டும். கழற்றிய சக்கரமொன்றை அடியில் கிடத்தி வைப்பதும் வழக்கமாயிற்று. தாங்கி தவறினாலும் மனிதனுக்குச் சற்று இடம் மிஞ்சும். வீட்டில் எவருமில்லாதபோது அடியில் நுழைவதில்லை என்று அவன் தன் மனைவிக்கு வாக்களித்தான்.

இதனினும் நம் மனத்தைத் தொட்டது துருவின் கதை. ஹெரால்டின் அடிச்சட்டத்தில் இருபுறமும் ஓடும் இரும்புக் கரங்கள் ஸ்பிட்ஃபயரில் இல்லை. நடுவே ஒரு முதுகெலும்பு மட்டும் உண்டு. பக்கங்களில் உடலுக்கு வலுத்தருவது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவான விளிம்பு. மழைநீரும், அங்கே பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் அதற்குள் புகுந்து உள்ளிருந்தே தின்னும். இவ்வண்டியில் அவ்விளிம்பு வழவழப்பாக, வண்ணம் மின்ன இருந்தது. மருமகன் திருப்புளியால் மெல்லக் குத்தினான். கைப்பிடி வரை உள்ளே போயிற்று. உடைத்துப் பார்த்தால், முன்னொரு காலத்து உடைமையாளர் செய்தித்தாளை உருட்டித் திணித்து, மேலே பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, வண்ணமடித்து விற்றிருக்கிறார்! நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியைப் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். அதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்கு அதுவரை கிடைத்ததில்லை. தானியத்தின் ஈரத்தால் வாங்குபவருக்குப் பொருள்நட்டம். இந்தச் செய்தித்தாளால், பக்கவாட்டில் ஒரு மோதல் நேர்ந்திருந்தால், உயிர்நட்டம்.

அவ்விளிம்பை வெட்டியெடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். கூரையற்ற உடலாதலால், அதை நீக்கினால் உடல் நடுவில் வளைந்து கதவு பின்னெப்போதும் பொருந்தாமற் போகும். ஆகவே வெட்டுமுன் கதவு இருந்த வாயிலின் குறுக்கே இரும்புச் சட்டத்தைப் பற்றவைத்து உறுதிசெய்து, ஒரு பக்கம் முடிந்த பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும். மருமகன் இதில் காட்டிய பொறுமை நமக்கு வியப்பளித்தது. சிறுவயதில் பாடத்தில் அவன் அவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

வெல்டிங் என்றால் நெருப்பு. பழைய வண்டி என்றால் பெட்ரோல். இவ்வண்டியின் பெட்ரோல் தொட்டி இருக்கைகளுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அதைக் காலிசெய்தால் போதும் என்பது பலரின் எண்ணம். காலியான தொட்டியே அதிகக் கொடியது. நிறைந்த தொட்டியில் ஆவிக்கு இடமில்லை. வெறுந்தொட்டி முழுவதும் ஆவியாயிருக்கும். அது காற்றைவிடக் கனமானதால் தரையோடு தவழ்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் மூலையிலோ பள்ளத்திலோ தங்கிவிடும். ஆகவே பெட்ரோலைத் திறந்தவெளியில் வடித்து, பேட்டரியின் பூமி இணைப்பை முதலில் கழற்றி, தொட்டியையே அகற்றித் தோட்டத்தின் கோடியில் வைத்தார்கள். பிரேக் கழுவும் தெளிப்பு மருந்துகளில் குளோரின் சேர்ந்த வகை உண்டு. அது தெளித்த இடத்தில் வெல்டிங் வைத்தால், 1914-18 போரில் மனிதரைக் கொல்லப் பயன்பட்ட பாஸ்ஜீன் என்னும் நச்சுக்காற்று எழும். வெல்டிங் முடிந்த பின்னும் உடனே விளக்கணைத்துப் போவதில்லை. தகட்டின் மறுபுறமுள்ள தார்ப்பூச்சு புகைந்துகொண்டிருக்கக்கூடும். ஒருமணி நேரம் தீயணைப்பானும் கையுமாக அங்கேயே இருக்க வேண்டும். அந்த ஒருமணி நேரக் காவல் பெரும்பாலும் நம் பங்காயிற்று. ஒரு நாற்காலியும் கிதாபும் கொண்டு அதை நிறைவேற்றினோம்.

தமக்கையின் அச்சத்தில் எதிர்பாராத நியாயம் ஒன்று இருந்ததையும் சொல்லவேண்டும். பேத்தி, தகப்பன் கராஜிலிருந்து வரும் ஓசை கேட்டதும் ஓடிச்சென்று காலைக் கட்டிக்கொள்வாள். அக்கால பிரேக் ஷூக்களிலும் கிளட்சிலும் கல்நார் சேர்ந்திருந்தது. பிரிட்டனில் 1999-இல் அதன் பயன்பாடு முற்றிலும் தடைசெய்யப்பட்டது. ஆனால் பழைய வண்டிகளின் பிரேக் உருளைகளுக்குள் அத்தூசி இன்றும் கிடக்கலாம். நுரையீரலில் தங்கும் அதன் நார்கள் பல பத்தாண்டுகள் கழித்து நோயாக எழுகின்றன. பழைய வண்ணத்தில் ஈயமும் இருத்தல் கூடும். அது குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடுவது மெக்கானிக்குகளின் பழைய பழக்கம். அதைவிடக் கேடான பழக்கம் வேறில்லை. நீரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையிலிட்டு மூடி, நகராட்சி குறிக்கும் முறையில் ஒப்படைக்க வேண்டும். வண்ணத்தை ஈரமாகவே தேய்க்க வேண்டும்; தகுந்த முகமூடியும் வேண்டும். வேலையுடுப்பைக் கராஜிலேயே களைந்து, கைமுகம் கழுவிய பிறகே மருமகன் வீட்டுக்குள் வரலானான். நாளைக்கு ஐந்துமுறை உளூச் செய்யும் வீட்டுக்கு இது பாரமன்று. வாப்பா கைகழுவும் வரை கதவருகே காத்திருக்கப் பேத்தியும் பழகிக்கொண்டாள்.

மேற்பூச்சு வண்ணத்தை வீட்டில் அடிப்பதில்லை என்று அவனே முடிவுசெய்திருந்தான். இக்காலத்து இருகலவை வண்ணத்திலுள்ள ஐசோசயனேட்டு தீராத ஆஸ்துமாவைத் தரவல்லது. சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. அது பட்டறைக்கே உரிய வேலை.

இனி, நமக்கும் அவனுக்கும் உண்மையாகவே கருத்து மாறுபட்ட இடத்துக்கு வருவோம். பிரிட்டனில் மூன்று வயதைக் கடந்த கார்கள் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்னும் தகுதிச் சோதனைக்கு உட்படவேண்டும். ஆனால் 2018 மே மாதம் முதல், நாற்பது ஆண்டைக் கடந்து, பெரிதும் மாற்றப்படாத வண்டிகளுக்கு அச்சோதனை கட்டாயமில்லை. "சட்டமே கேட்கலை மாமா, எல்லாத்தையும் நானே பார்த்துப் பார்த்துச் செய்திருக்கேன், எதுக்கு இன்னொருத்தர்?" என்றான். சோதனையைத்தான் சட்டம் விலக்கியிருக்கிறது, பொறுப்பை விலக்கவில்லை. ஆபத்தான நிலையில் வண்டியோட்டினால் 2,500 பவுன் வரை தண்டம் விதிக்க அதே சட்டத்தில் இடமுண்டு. நாம் அதைப் பேசவில்லை; அவன் ஓதிய பாடத்தையே நினைவூட்டினோம். ஷாபிஈ ஃபிக்ஹு நூல்களில், தன் கால்நடையுடன் செல்பவர் அது பிறர்க்கு விளைக்கும் சேதத்துக்கு ஈடுகட்ட வேண்டும் என்ற சட்டம் உண்டு. சாலையோரம் நடக்கும் கிழவிக்கு இவ்வண்டியின் வயதும் தெரியாது, சலுகையும் தெரியாது. அவளுக்குள்ள உரிமையை எந்த அரசாங்கமும் நம் சார்பில் தள்ளுபடி செய்ய இயலாது. தான் செய்த வேலையில் தன் கண்ணுக்குப் புலப்படாத குறையை அயலார் கண் காணும். மனப்பாடம் செய்த ஹாபிழும் மற்றொருவரிடம் ஓதிக்காட்டித்தானே சரிபார்க்கிறார்?

இரண்டு நாள் அவன் நம்மோடு அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் சோதனைக்கு முன்பதிவு செய்துவிட்டதாகச் சொன்னான்.

பிரேக் குழாய்களும் ரப்பர் பகுதிகளும் அனைத்தும் புதியவை, டயர்கள் புதியவை, எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் எரிபொருள் குழாய்களையும் மாற்றியிருந்தான். பழைய ரப்பரை அந்தப் பெட்ரோல் அரித்துக் கசியச் செய்யும். ஆயினும் சோதித்தவர் ஒரு குறை கண்டார். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பினால், இடது முன்சக்கரத்தின் பிரேக் குழாய் சற்று முறுகிப் பொருத்தப்பட்டிருந்ததால், டயரில் உரசியது. கராஜில் நேராக நின்ற வண்டியில் அது தெரிந்திருக்க வழியில்லை. சில நூறு மைல்களில் தேய்ந்து அறுந்திருக்கும். சரிசெய்யப் பத்து நிமிடம் ஆயிற்று. மறுசோதனையில் வண்டி தேறியது.

தமக்கைக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, இரும்பை விடச் சொல்லத்தானே உன்னை அனுப்பினேன் என்று கடிந்துகொண்டார். பிறகு, அந்தக் குழாயை மாட்டிவிட்டானா என்று மூன்றுமுறை கேட்டார்.

இப்போது வண்டி சாம்பல்நிற அடிப்பூச்சோடு, மழையில்லாத நாட்களில் மட்டும் வெளியே வருகிறது. என்ன வண்ணம் என்பதில் மருமகனுக்கும் அவன் மனைவிக்கும் இன்னும் உடன்பாடில்லை. பேத்தி மஞ்சள் வேண்டுமென்கிறாள்.